கண்ணகை வீட்டு உபவேந்தர்

டொக்டர் அழகரத்தினம் கல்லடிக்கு மாப்பிள்ளையாக வந்தபோது அவரிடம் இருந்தவை நாலைந்து களிசான் சட்டை, ஒரு ஸ்டெதஸ்கோப், தூக்கினால் இடுப்புப் பிடிக்கும் அளவுக்குப் புத்தகம். வீடு கண்ணகையுடையது. மட்டக்களப்பில் அதுதான் வழக்கம். கல்யாணம் முடிந்தால் பெண் எங்கும் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். தாயின் வீடு மகளுக்கு, மகளின் வீடு அவள் மகளுக்கு. ஆண் பிள்ளைக்குப் படிப்பைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்படுவதென்றால் ஊரிலுள்ள ஆம்பிளைகள் எல்லோரும் வரிசையில் நின்றுதான் வெட்கப்பட வேண்டும்.

வாவிக்கு அக்கரையில் கொக்கட்டிச்சோலையில் வயல் செய்த குடும்பம் அவருடையது. படிப்பில் சூரன். மற்ற எல்லாவற்றிலும் சுத்த வெறுமை. வந்து சில நாட்களிலேயே கண்ணகைக்கு விளங்கிவிட்டது, இந்த மனுசனுக்குக் காய்ச்சலைத் தவிர வேறு எதிலும் கவனம் இல்லையென்று. கறியில் உப்பில்லை என்றாலும் தெரியாது, இரண்டு தரம் போட்டாலும் தெரியாது. சமைக்கிறவளுக்கு இதைவிட அவமானம் வேறில்லை. இதைவிட வசதியும் வேறில்லை.

வட்டைகளில், அதாவது பெரிய வயல்வெளிகளில், வேலை செய்த ஆட்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். சிலருக்குக் கண் சிவந்து, உடம்பு மஞ்சளித்து, சிறுநீர் நின்று, ஆள் முடிந்துவிடும். மற்ற டொக்டர்கள் மலேரியா என்று எழுதினார்கள். அழகரத்தினம் எலி பிடிக்கப் போனார். எலியின் மூத்திரம் கலந்த வயல் தண்ணீரால் வருகிற காய்ச்சல் இது என்பது அவருடைய கட்சி. அதை நிரூபிக்க எலி வேண்டும். எலி கிடைத்தது. வைக்க இடம் வேண்டும். ஒருநாள் காலையில் கண்ணகை சமைக்கக் குசினிக் கதவைத் திறந்தபோது பின்பக்கம் வரிசையாகக் கூடுகள் இருந்தன.

"இதென்ன?"

"எலி."

"எலியெண்டு எனக்குத் தெரியாதா? என்ட குசினிக்குப் பின்னால என்னத்துக்கு இரிக்கு எண்டு கேக்கன்."

"ஆராய்ச்சிக்கு."

"ஊரெல்லாம் எலியப் புடிச்சிக் கொல்லுது. நீங்க புடிச்சிக்கொண்டு வந்து சோறு போடுறீங்க. மறுகா அதுக்குப் பேரும் வெப்பீங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். பெயர் ஏற்கனவே வைத்தாயிற்று.

அந்த எலிகளைப் பற்றி அவர் எழுதியது வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வந்தது. மேற்படிப்புக்கு லண்டனுக்கு அழைத்தார்கள், போனார். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலையும் தருகிறோம் என்றார்கள். சண்டை மூண்டிருந்த காலம் அது. போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. இவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று, குளிர், பனி, சம்பளம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விவரித்து ஊருக்கு நீளமாக எழுதினார். கண்ணகை ஒரே வரியில் பதில் போட்டாள்: லண்டனில் என்னுடைய வீடு எங்கே இருக்கிறது?

அடுத்த மாதம் ஆள் கல்லடியில்.

பின்னேரங்களில் வீட்டு விறாந்தை நிறைய நோயாளிகள். தயிர்ச்சட்டியோ, வாவி இறாலோ, ஒரு பை மரமுந்திரிகையோ கொண்டுவருவார்கள். உள்ளே விடுகிறவள் கண்ணகை. அவளிடம் தப்பித்தால்தான் டொக்டரிடம் போகலாம்.

"டொக்டர் தந்த குளிசை குடிச்சாயா?"

"குடிச்சன் டொக்டரம்மா."

"முழுக்கவும்?"

"சுகமாகிற மட்டும் குடிச்சன்."

"சுகமாகியிருந்தா இஞ்ச என்னத்துக்கு வந்திரிக்காய்? போ மனே, போய் மிச்சத்தையும் குடிச்சிட்டு வா."

இப்படியே வருடங்கள் ஓடின.

2004 மார்கழியில் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணகையும் அழகரத்தினமும் மகள் கஜானியும் கல்லடியில் இல்லை. அவருடைய தங்கை மகளின் சாமத்தியச் சடங்குக்காக முதல்நாளே மண்முனைத் துறையில் பாதையேறி அக்கரைக்குப் போயிருந்தார்கள். பாதை என்று அங்கே சொல்வது, ஆளும் வாகனமும் மாடும் ஒன்றாக ஏறுகிற மிதவையை. சடங்குக்கு வரமாட்டேன், எலிக்கூடு பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தவரைக் கையோடு இழுத்துப் போனவள் கண்ணகை. அதற்குப் பிறகு எந்தச் சடங்குக்கும் அவர் மறுப்புச் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது கல்லடியில் வீடுகள் நின்ற இடமெல்லாம் மணல். கண்ணகையின் வீட்டில் அத்திவாரமும், குசினிச் சுவர் ஒன்றும், உப்புத் தண்ணீர் நிறைந்த கிணறும் மிச்சம். பக்கத்து வளவுகளில் அதுவும் இல்லை, ஆட்களும் இல்லை. கண்ணகை மணலில் இருந்து அழுதாள். அவள் அழுது அவர் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய கையை எடுத்து நாடி பார்த்தார்.

"நான் சாகமாட்டன், கைய விடுங்க," என்றாள் கண்ணகை. "ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க உங்களத் தேடுவாங்க."

போனவர் கிழமைக்கணக்கில் வரவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்களில் அகதி முகாம், திரும்ப ஆஸ்பத்திரி. தாடியோடு ஒருநாள் வந்து நின்றார்.

"கண்ணகை, கொக்கட்டிச்சோலையில அப்பாட வளவு சும்மாதானே கிடக்கு. அங்க போவமா? கடலும் தூரம்."

"கலியாணம் முடிச்சி இருவத்தஞ்சி வருசத்துக்குப் பிறகு என்னைய மாப்பிளை வீட்டுக்குக் கூப்பிடுறீங்களா? வெளிய சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க."

அதே அத்திவாரத்தில் வீடு எழும்பியது. வெயிலில் ஒரு குடையும் பிளாஸ்டிக் கதிரையும் போட்டுக் கண்ணகை உட்கார்ந்திருந்தாள். அந்தக் குடையைக் கண்டாலே மேசன்மார் சீமெந்தைக் கூட்டிக் குழைப்பார்கள். யார் கேட்டாலும் ஒரே பதில்: இது கஜானிக்கு.

இந்த வீடு ஒரு நாளும் பூட்டிக் கிடக்கக்கூடாது என்பதில் கண்ணகை கண்ணாக இருந்தாள். காரணம் இருந்தது. சண்டைக் காலத்தில் வெறும் வீட்டைக் கண்டால் யாரோ ஒருவர் வந்து குந்துவார். குந்தினவர் கையில் துவக்கு இருந்தால், அதற்குப் பிறகு அது அவருடைய வீடு. எதிர்ப்பக்கத்துச் சின்னம்மா மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போய்வந்தபோது அவருடைய வீட்டுக் கொடியில் வேறு யாருடைய சாரமோ காய்ந்தது. எந்தக் கட்சியின் சாரம் என்று கேட்கப் போகாமல் அவர் திரும்பிக் கொழும்புக்கே போய்விட்டார்.

அந்த வருடங்களில்தான் நகரத்துக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில் இருந்த பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கினார்கள். பிள்ளைகள் வந்தார்கள், படிப்பிக்க ஆள் வரவில்லை. கொழும்பிலிருந்து வருகிறோம் என்று சொன்னவர்களுக்கெல்லாம் புறப்படுகிற அன்று ஒரு காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலுக்கு மட்டும் அழகரத்தினத்திடம் மருந்து இல்லை. ஆகவே காலையில் இதயம், மத்தியானம் ஈரல், பின்னேரம் சிறுநீரகம் என்று எல்லாவற்றையும் அவரே படிப்பித்தார். பேராசிரியர் ஆனார். பிறகு பீடாதிபதி. 2009 வைகாசியில் சண்டை முடிந்தது. பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியான உபவேந்தர் கதிரை காலியாகக் கிடந்தது. அதில் இருக்க ஆசைப்பட்டவர்களைப் பலருக்குப் பிடிக்கவில்லை. யாருக்கும் பிடிக்காமல் போகாத ஒரே ஆள் அழகரத்தினம். அதோடு அவருக்கு இல்லை என்று சொல்லவும் தெரியாது.

கண்ணகை இறால் உடைத்துக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்னைய உபவேந்தராப் போட்டிரிக்காங்க."

"வேலை கூடுமா?"

"கூடும்."

"அப்ப எலி?"

"எலிக்கு இனி நேரமிராது."

"அப்ப நல்லம்," என்றாள். "போய்க் கால் முகத்தக் கழுவிட்டு வாங்க."

அவர் போகவில்லை. "ஒரு பங்களாவும் இரிக்கு," என்றார்.

இறால் தலையைக் கிள்ளிய கை நின்றது.

"உபவேந்தர் கெம்பசுக்குள்ளதான் இருக்கோணுமாம். நாம ரெண்டு பேரும் வாறம் எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

"ஆரைக் கேட்டு?"

லண்டனிலிருந்துகூடக் கேட்டு எழுதிய மனிதர். ஏறாவூருக்கு அங்கால் இருக்கிற ஒரு பங்களாவுக்குக் கேட்காமல் விட்டுவிட்டார். காய்ச்சலைத் தவிர வேறொன்றில் அவர் தானாக முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை. எப்படி முடிந்தது பாருங்கள்.

"தை மாசம் களுவாஞ்சிக்குடியால கஜானியப் பாக்க வாறாங்க," என்றாள் கண்ணகை. "பூட்டுத் தொங்குற வீட்டையா காட்டுற? அதுவும் அது வரைக்கும் வீடு நம்மட கையில இரிந்தா."

"அவங்க பொண்ணப் பாக்கத்தானே வாறாங்க."

"பொண்ண ஆர் பாக்கிற? சுவரத் தட்டிப் பாப்பாங்க, கிணத்த எட்டிப் பாப்பாங்க. மறுகா நேரமிரிந்தா பொண்ணையும் பாப்பாங்க."

"சண்டைதான் முடிஞ்சிட்டே."

"சண்டை முடிஞ்சிட்டு. குந்துற ஆக்கள் முடியேல்ல."

ஒரு கிழமையாக வீட்டில் சோறு மட்டும் பேசாமல் பரிமாறப்பட்டது. பிறகு பல்கலைக்கழகப் பதிவாளர் சாமித்தம்பி நேரிலேயே வந்தார். கழுத்துப்பட்டி கட்டி, வேர்த்து, தேத்தண்ணீர்க் கோப்பையின் விளிம்பைப் பார்த்துப் பேசுகிற மனிதர். அவரைக் கூட்டிவந்த சாரதி முகைதீன்பாவா, ஏறாவூர்க்காரர், விறாந்தைப் படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது ஒரு விதி. உபவேந்தர் உத்தியோக வாசஸ்தலத்திலதான் தங்கோணும்."

"ஆர் உபவேந்தர்?"

"ஐயாதான்."

"அப்ப ஐயாவக் கொண்டுபோங்க. பொஞ்சாதி வரோணுமெண்டு உங்கட விதியில எங்க எழுதியிரிக்கு?"

சாமித்தம்பி கோப்பையைச் சுற்றிப் பார்த்தார். அதிலும் எழுதியிருக்கவில்லை.

அப்படித்தான் உபவேந்தர் அழகரத்தினம் தனியாகப் பங்களாவுக்குக் குடிபோனார். பெரிய பங்களா. கதவுகள் மட்டும் எண்ணி முடியாது. சமையல்காரரின் இடம் வெற்றிடம்; நிரப்ப அனுமதி கேட்டுக் கொழும்புக்கு எழுதியிருந்தார்கள். உபவேந்தரின் சட்டைகளை வீட்டில் தோய்க்க எடுத்துவரும் சாக்கில் முகைதீன்பாவா கல்லடிக்கு வந்து செய்தி சொல்வார்.

"நேத்து என்ன சாப்பிட்டார்?"

"பாணும் வாழப்பழமும், டொக்டரம்மா."

"இண்டைக்கு?"

"வாழப்பழமும் பாணும்."

கண்ணகை சோற்றைப் பார்சல் கட்டிக் கொடுப்பாள். உப்பு ஒருதரம்தான் போட்டிருப்பாள்.

ஆனால் நோயாளிகளுக்கு யார் உபவேந்தர் என்பதெல்லாம் கணக்கில்லை. டொக்டர் இருக்கிற வீட்டுக்குப் போவதுதான் அவர்களுக்குப் பழக்கம். வழக்கம்போல் கல்லடி விறாந்தையில் வந்து நின்றார்கள். கண்ணகை வாசலில் வைத்தே வழி சொன்னாள்: "டொக்டர் இஞ்ச இல்ல. வடக்க போற பஸ்ஸில ஏறி, கெம்பஸ் வாசல்ல இறங்குங்க. பங்களா எங்கயெண்டு கேளுங்க. காவல்காரன் விடமாட்டான். வயித்தப் புடிச்சிக்கொண்டு சத்தமா முனங்குங்க, விடுவான்."

அவளுடைய கணக்கு இது: பங்களா நிறையட்டும். பல்கலைக்கழகம் பொறுக்கமாட்டாமல் உங்கள் வீட்டுக்கே போங்கள் ஐயா என்று அனுப்பிவிடும். பிறகு கேட்டபோது அப்படி ஒரு எண்ணமே இருக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். ஒருவரும் நம்பவில்லை.

பங்களா நிறைந்தது. கல்லடிக்காரர்கள் போதாதென்று கெம்பசைச் சுற்றியிருந்த ஊர்களும் மோப்பம் பிடித்துவிட்டன. வருகைப் பேராசிரியர்களுக்காகப் போட்ட சோபாவில் ஒரு கிழவர் காய்ச்சலோடு படுத்திருந்தார். கொடிக்கம்பத்தில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள்; அது டொக்டருக்கு என்று கொண்டுவந்த ஆடு. கொழும்பிலிருந்து அமைச்சு அதிகாரிகள் கூட்டத்துக்கு வந்த அன்று, அவர்களில் ஒருவர் உபவேந்தர் என்று நினைத்துக் கைகொடுத்தது மூட்டுவலிக்கு மருந்தெடுக்க வந்த மீன் வியாபாரிக்கு.

சாமித்தம்பி கல்லடிக்கு ஓடிவந்தார். இந்தமுறை தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அம்மா, தயவுசெய்து ஆக்கள அனுப்பாதீங்க."

"நான் அனுப்பேல்ல. வழி கேக்காங்க, சொல்றன்."

"நிலைமை உங்களுக்கு விளங்கேல்ல. நாளைக்குப் பல்கலைக்கழகப் பேரவை கூடுது. நோயாளர விடோணும், இல்லாட்டிப் பதவிய விடோணும் எண்டு கேக்கப் போறாங்க. ஐயா பதவிய விட்டிடுவார். எனக்குத் தெரியும். அவர் போனா மெடிக்கல் பீடத்த ஆர் பாக்கிற? பிள்ளையள் கடைசிச் சோதனைக்கு இரிக்குதுகள்."

வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றுதான் கண்ணகை நினைத்தாள். வேலையை விட்டே அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு கூரை போடாத வீட்டுக்குள் இருந்து அவர் படிப்பித்தபோது, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள் அவள்தான். அதில் மேனுகா என்ற பிள்ளைக்குத் தாயும் இல்லை, வீடும் இல்லை. இரண்டையும் கடல் கொண்டுபோனது. டொக்டராகிவிட்டால் போதும் அன்ரி என்று சொல்லிக்கொண்டு அப்பத்தைப் பிய்த்துத் தின்ற பிள்ளை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கஜானிக்குப் போன் எடுத்தாள்.

"உன்ட வீட்டப் பூட்டப் போறன், புள்ள."

"என்னம்மா, மாமி வீட்டுக்கா?"

"உன்ட அப்பாட பங்களாவுக்கு. அங்க வாசல்ல நிண்டு நோயாளர வரிசைப்படுத்த ஆளில்லாட்டி, அவர்ட வேலை போயிடும்."

 "போங்கம்மா," என்றாள் கஜானி. "வீட்டில ஆரும் குந்தினா நான் வந்து எழுப்புறன்."

"நீ எழுப்புவாய். உன்னைய எழுப்பவே நான் மூணுதரம் கத்தோணும்."

மறுநாள் காலை கண்ணகை ஒரு பயணப் பையில் சேலைகளை அடுக்கினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கிணற்றுக்கு மூடி போட்டாள். முன்கதவில் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். திரும்பவும் இழுத்துப் பார்த்தாள். முகைதீன்பாவா பையைத் தூக்கிக் காரில் வைத்தார்.

"டொக்டரம்மா, ஏறாவூரில என்ட மச்சான் இரிக்கார். சொன்னா வந்து விறாந்தையில படுப்பார். வீட்டப் பாத்துக்குவார்."

"அவர எழுப்ப மறுகா ஆரைக் கூப்பிடுற?" என்று கேட்டுவிட்டுக் கண்ணகை காரில் ஏறினாள். வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பங்களா வாசலில் நோயாளிகளின் வரிசை. வரிசைக்கு நடுவே வெள்ளை மேலங்கி போட்ட பிள்ளைகள். சோபாவில் படுத்திருந்தவரின் வயிற்றை மேனுகா அழுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உபவேந்தர் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார்.

"ரொட்டிக்கு மா குழைக்கிறாயா? மெல்ல. அவர் மூச்ச இழுக்கட்டும், ஈரல் தானா உன்ட விரலுக்கு வரும்."

"வந்திட்டு சேர்."

"அவர்ட கண்ணப் பார். மறுகா எந்த வட்டையில வேலை எண்டு கேள்."

மண்டபத்தின் மறுபக்கம் பேரவை உறுப்பினர்கள் இருந்தார்கள். கூட்டத்தை அங்கேயே வைக்கலாம் என்று அழகரத்தினம் காலையில் அழைத்திருந்தார். கடுமையாகப் பேச வந்த ஓய்வுபெற்ற நீதவானின் கையில் ஒரு மாணவன் பிரசர் பட்டியைக் கட்டிக் காற்றடித்துக்கொண்டிருந்தான். பட்டி இறுகியிருக்கும்போது ஒருவரால் அதிகம் பேச முடியாது.

அழகரத்தினம் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் அன்று சொன்னார்.

"நோயாளர விடமாட்டன். பதவியையும் விடமாட்டன். பங்களாவ விடுறன். இந்தப் பிள்ளையளுக்கு நோயாளரத் தொட்டுப் பாக்க நமக்கு இன்னொரு இடம் வேணும்; இஞ்ச கிழமைக்கணக்கா வந்து நிக்கிறாங்க. இத பீடத்துக்கு ஒரு கிளினிக்காக் குடுங்க. எனக்கு வீடு இரிக்கு. என்ட மனுசிட வீடு. அங்கயிரிந்து வந்து போறன்."

"வாசஸ்தலத்தில தங்கோணுமெண்டு விதி," என்றார் ஒருவர்.

சாமித்தம்பி இருமினார். "வாசஸ்தலம் எது எண்டு தீர்மானிக்கிறது பேரவைதான்," என்றார், யாருடைய முகத்தையும் பார்க்காமல். கண்ணகைக்கு அவரை அன்றைக்குத்தான் கொஞ்சம் பிடித்தது.

பேரவை வாதாடியது. விதி வாசித்தது. நீதவானுக்குப் பிரசர் கூட என்று மாணவன் சொன்னான். உப்பைக் குறைக்கச் சொல்லி, பிறகு எப்போது வந்து காட்டவேண்டும் என்றும் சொன்னான். எங்கே வந்து காட்டுவது என்று நீதவான் கேட்டார். இஞ்சதான் சேர், கிளினிக் இருந்தா, என்றான் அவன். அதற்குப் பிறகு விஷயம் அதிகம் இழுபடவில்லை.

அழகரத்தினம் அப்போதுதான் கதவடியில் நின்ற கண்ணகையைக் கண்டார். அவளுக்குப் பின்னால் முகைதீன்பாவா பயணப் பையோடு நின்றார்.

"நீ எங்க இஞ்ச? அதென்ன பை?"

"உங்கட உடுப்ப எடுத்துப் போகக் கொண்டுவந்தன்," என்றாள் கண்ணகை.

பை விம்மிப் புடைத்திருந்தது. சிப் பூட்டாத மூலையால் பச்சைச் சேலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஆராய்ச்சி செய்கிறவர் அல்லவா, அதைக் கவனித்தார். மனைவியின் முகத்தையும் கவனித்தார். உபவேந்தராக அவர் எடுத்த முதல் புத்தியான முடிவு, அதற்கு மேல் ஒன்றும் கேட்காததுதான்.

"வீட்ட ஆர் பாக்கிற?" என்றார்.

"ஒருத்தருமில்ல. பூட்டுத்தான் பாக்குது. நிண்டு கதைக்காம வாங்க, வெளிச்சத்தோட போகோணும்."

"இன்னும் நாலஞ்சி பேரப் பாக்கோணும், கண்ணகை."

அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் நின்றவனைத் தெரியும். போன கிழமை கல்லடியிலிருந்து அவளே பஸ் ஏற்றிவிட்டவன்.

"டேய், குளிசை குடிச்சாயா?" என்று கேட்டுக்கொண்டு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "குடிக்காத ஆக்கள் எல்லாம் அந்தப் பக்கம் போங்க. உண்மையான நோயாளர் மட்டும் நில்லுங்க. எனக்கு வீட்டுக்குப் போகோணும்."